ஜுலேகாவின் தெத்துப்பல்லும் பூபியின் ரயிலும்

பல்லுக்குக் கம்பி கட்டிக்கொள்ள வருகிறவர்கள் நாற்காலியில் உட்காரும் முன்பே ஒரு கேள்வி கேட்பார்கள். எத்தனை நாள் ஆகும்? நான் வேலை பார்த்த காலத்தில் இதைக் கேட்காமல் உட்கார்ந்தவர் ஒருவரும் கிடையாது. இப்போது எங்கள் பழைய பல் ஆஸ்பத்திரியை நடத்துகிற சின்ன டாக்டர், பெரிய டாக்டருடைய தங்கை மகன், அதற்கு ஒரு பதிலை அச்சடித்துக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார். "ஒன்றரை வருடம் முதல் இரண்டு வருடம் வரை." போன வாரம் என் சொந்தப் பல்லைக் காட்டப் போனபோது பார்த்தேன். சிரிப்பு வந்துவிட்டது. வாயைத் திறந்து வைத்துக்கொண்டு சிரிப்பது கொஞ்சம் கஷ்டம்.

"என்னம்மா சிரிக்கிறீங்க?" என்றார் சின்ன டாக்டர். காரணத்தைச் சொன்னேன். "எழுதிக் குடுங்களேன், இங்க புதுசா வேலைக்கு வந்திருக்கிற பொண்ணுங்க படிக்கட்டும்" என்றார். அவர் மனதில் நினைத்தது பாடம் மாதிரி ஏதோ ஒன்றை. எனக்கு வருவது இப்படித்தான்.

நான் மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பழகியவள். படுக்கை விரித்தேன், கொதிக்கும் தண்ணீரில் கை சுட்டுக்கொண்டேன், வெள்ளைக்காரச் சிஸ்டரிடம் திட்டு வாங்கினேன். அதில் தனியாகச் சொல்ல எதுவும் இல்லை. படிப்பு முடிந்த சமயத்தில்தான் டாக்டர் ஆசீர்வாதம் வேலூரில் பல் ஆஸ்பத்திரி திறந்தார். ஊர் அதைப் பல் கடை என்றது. அந்தப் பெயரைக் கேட்டால் அவருக்குக் கோபம் வரும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கத்துத் தோல் மண்டிக் குடும்பங்களிலிருந்து வருகிற பெண்கள் கோஷாப் பெண்கள். அந்நிய ஆண் முகம் பார்க்கக் கூடாது. நடுவில் நிற்க ஒரு பெண் வேண்டும் என்று தேடிய டாக்டர் என்னை எடுத்துக்கொண்டார். முப்பது வருஷத்துக்கு மேல் அந்த நடுவில் நின்றேன்.

டாக்டர் கல்கத்தாவில் படித்து, அதற்கு மேல் சீமைக்கும் போய்த் திரும்பியவர். சட்டையில் ஒரு மடிப்புக் கலையாது. மனிதர்களோடு பேசுவது அவருக்குப் பிடிக்காது. நோயாளியிடம் "உட்காருங்க", "துப்புங்க" என்ற இரண்டு வார்த்தைக்கு மேல் பேச மாட்டார். ஆனால் வாய் திறந்துவிட்டால் பற்களோடு பேச ஆரம்பித்துவிடுவார், அதுவும் மரியாதையாக. "வாங்க, வாங்க. என்ன, போன மாசத்தைவிடக் கொஞ்சம் நகர்ந்திருக்கீங்க போலிருக்கே. இன்னும் தள்ளி உட்காரணும். பக்கத்து வீட்டுக்காரருக்கு இடம் வேணாமா?" இது தன்னைச் சொல்கிறார் என்று நினைத்து, ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர் நாற்காலியின் ஓரம்வரை நகர்ந்து நகர்ந்து, கடைசியில் என் மேல் சாய்ந்துவிட்டார்.

எத்தனை நாள் ஆகும் என்று கேட்டால் மட்டும் டாக்டர் நோயாளியைப் பார்த்துப் பேசுவார். "உங்க வயசு என்ன, எலும்பு எவ்வளவு கெட்டி, பல் எவ்வளவு தூரம் நடக்கணும், ஈறு சுத்தமா இருக்கா, என்ன திம்பீங்க, சொன்ன தேதிக்கு வருவீங்களா? இதெல்லாம் முதல்ல நீங்க சொல்லுங்க. அப்புறம் நான் நாள் சொல்றேன்." கேட்டவர் வாயை மூடிக்கொள்வார். டாக்டர் உடனே திறக்கச் சொல்வார்.

அவர் கேட்டதில் தவறே இல்லை. ஜோலார்பேட்டையில் ரயில் ஓட்டுகிற ஒருவருடைய மகனுக்குப் பத்தே மாதத்தில் முடிந்தது. வளர்கிற வயது, எலும்பு இளசு, அப்பாவுக்குக் கால அட்டவணை என்றால் வேதம். அதே கோணல், அதே கம்பி, அணைக்கட்டுப் பண்ணையார் வீட்டுப் பையனுக்கு மூன்று வருஷம் இழுத்தது. பகலெல்லாம் கம்பி உள்ளே தள்ளிய பல்லை, தூங்கும்போது கட்டைவிரல் சூப்பி வெளியே தள்ளிக்கொண்டிருந்தான். விரலில் வேப்பெண்ணெய் தடவச் சொன்னோம். அவனுக்கு அந்த ருசி பிடித்துப்போய்விட்டது.

டாக்டரின் பட்டியலில் எதிலும் வராத காரணத்தால் நாள் இழுத்த கேஸ் ஒன்று உண்டு. அதைத்தான் சொல்ல உட்கார்ந்தேன்.

ஆம்பூரில் தோல் ஷெட் வைத்திருந்த கரீம் சாயபுவின் மகள் ஜுலேகா. தாய் இல்லாத பெண். மேல்வரிசையில் இரண்டு பக்கமும் தெத்துப்பல் ஏறி நிற்க, முன்பற்கள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்திருந்தன. அவளுக்குப் பேசிவைத்திருந்த மாப்பிள்ளை சின்ன வயதில் கூட விளையாடிய சொந்தக்காரப் பையன்தான். அவனுக்குப் பல்லைப் பற்றி ஒரு குறையும் இல்லை. அவனைப் பெற்றவளுக்கு இருந்தது. பல் நேராகட்டும், பிறகு நிக்காஹ் என்று சொல்லிவிட்டாள். இப்படித் தள்ளிப்போய்ப் பெண்ணுக்குப் பத்தொன்பது வயதாகிவிட்டது. அந்தக் காலத்துக்கு அது ரொம்ப ஜாஸ்தி.

முதல் நாள் கரீம் சாயபுவும் வந்திருந்தார். கூடவே அவருடைய அக்கா. அப்பாவின் சகோதரியை அவர்கள் வீட்டில் பூபி என்பார்கள். ஜுலேகா பூபி என்று கூப்பிட, நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். புருஷன் போனபிறகு தம்பி வீட்டுக்கு வந்து, ஜுலேகாவை வளர்த்தவர் அவர்தான். வெளியே கிளம்பிப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. அந்த வீட்டில் அவர் எங்காவது போக வேண்டிய அவசியம் யாருக்கும் வந்ததில்லை.

முகம் காட்டாமல் பல் காட்டுவது எப்படி? அதற்குப் பூபி ஓர் ஏற்பாட்டோடு வந்திருந்தார். ஷெட்டில் பதம் பண்ணிய மெல்லிய ஆட்டுத்தோல், நடுவில் வாயளவுக்கு ஓட்டை, ஓட்டையைச் சுற்றி மடித்துத் தைத்த ஓரம். அதை ஜுலேகாவின் முகத்தில் போர்த்தினால் பல் மட்டும் தெரியும். ஓட்டைக்குள்ளிருந்து "சலாம்" என்று குரல் வந்தபோது டாக்டர் திரும்ப சலாம் சொன்னார், பற்களைப் பார்த்து. எச்சில் பட்டுத் தோல் ஊறி, அதைப் பதம் பண்ணிய ஆவாரம்பட்டையின் வாசனை அறை முழுக்க எழும்பிற்று. மறுதடவை வெள்ளை மல் துணியில் அதே மாதிரி ஓட்டை போட்டுத் தரச் சொன்னேன். கடைசிவரை டாக்டர் ஜுலேகாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

கரீம் சாயபு எல்லோரையும் போல அந்தக் கேள்வியைக் கேட்டார். டாக்டர் தன் பட்டியலைச் சொல்லிவிட்டு, அபூர்வமாக இன்னும் கொஞ்சம் பேசினார். "பல் எலும்புக்குள்ள நடக்குதுங்க. போற பக்கம் எலும்பு கரையணும், விட்டுட்டுப் போற பக்கம் புது எலும்பு வரணும். கம்பியை ரொம்ப முறுக்கினா கரையறது மட்டும் நடக்கும், வர்றது நடக்காது. பல் ஆடிப்போய்டும்."

சாயபு தலையாட்டினார். "புரியுது டாக்டர். தோலைக் குழில போட்டதும் முதல்ல கம்மியான பட்டைத் தண்ணிதான் காட்டணும். அவசரப்பட்டு ஜாஸ்தியா காட்டினா மேல மட்டும் இறுகிக்கும், உள்ள பச்சையாவே நிக்கும். அப்புறம் அது எதுக்கும் உதவாது. நீங்க நிதானமா பண்ணுங்க."

டாக்டர் நிமிர்ந்து ஒரு மனிதரின் முகத்தை ஆசையோடு பார்த்ததை அன்றுதான் கண்டேன்.

அந்தக் காலத்து வேலையை இப்போதைய பெண்கள் நம்ப மாட்டார்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டு பிளாஸ்டரைக் குழைத்து, கரண்டி மாதிரி ஒரு தட்டில் நிரப்பி வாய்க்குள் அழுத்துவோம். அது இறுகும்போது சூடேறும். முழுசாகக் கழற்ற வராது. உடைத்துத்தான் எடுக்க வேண்டும். உடைந்த துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்து ஒட்டி அச்சாக்குவது என் வேலை. பிறகு கடைவாய்ப் பற்களுக்குத் தகட்டில் மோதிரம் செய்து சிமெண்ட் வைத்துப் பொருத்துவார். இரண்டு மோதிரங்களுக்கும் நடுவே பற்களுக்கு வெளிப்பக்கமாக வளைத்து ஒரு பெரிய கம்பி போகும். அதன் இரண்டு முனையிலும் மறை, மறையில் பொடி நட்டு. ஒவ்வொரு பல்லையும் மெல்லிய கம்பியால் அந்தப் பெரிய கம்பியோடு கட்டி, மாதம் ஒரு முறை நட்டைக் கால் சுற்று திருப்புவார். கால் சுற்றுக்கு மேல் திருப்பியதில்லை. ஜுலேகாவுக்கு இடம் பண்ண, தெத்துப்பல்லை விட்டு வேறு இரண்டு பற்களைப் பிடுங்க வேண்டியிருந்தது. அந்த இரண்டுக்கும் டாக்டர் போய் வரச் சொல்லி விடை கொடுத்தார்.

மாதம் ஒரு முறை ஜுலேகாவும் பூபியும் ஆம்பூரில் பெண்கள் பெட்டியில் ஏறிக் காட்பாடியில் இறங்குவார்கள். ஷெட் கணக்குப்பிள்ளை அடுத்த பெட்டியில் காவலுக்கு வருவார். காட்பாடியிலிருந்து ஜட்காவில் பாலாற்றுப் பாலம் தாண்டி எங்களிடம் வருவார்கள். ஜுலேகாவை நாற்காலியில் உட்காரவைத்ததும் பூபி ஜன்னலோரம் போய்விடுவார். டாக்டருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, முகத்திரையைத் தூக்கிவிட்டுக்கொண்டு, மரச்சட்டத்தின் இடுக்கு வழியாகத் தெருவைப் பார்ப்பார். சும்மா பார்க்க மாட்டார்.

"ரூத்தம்மா, அந்த ஜட்காக் குதிரைக்கு ஒரு கண்ணு தெரியல போல, பாவம். இந்தாப்பா, அத அடிக்காத. இன்னா இது, ஒரே பொம்பள ரெண்டு குடை வெச்சிருக்காங்க? ஒண்ணு புருஷனோடதா இருக்கும், மறந்துட்டுப் போய்ட்டான்."

பூபி வருகிற நாளில் எனக்கு வேலையே அலுக்காது. டாக்டருக்கும் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். ஒரு நாள் "ரெண்டாவது குடை யாரோடதுன்னு தெரிஞ்சுதா?" என்று கேட்டார். கேள்வி என்னமோ ஒரு கடைவாய்ப் பல்லைப் பார்த்துத்தான்.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு வருஷம் தாண்டிய சமயத்தில் கம்பி உடைய ஆரம்பித்தது. ஒரு தடவை மோதிரம் கழன்றது. அடுத்த தடவை பெரிய கம்பி நட்டு இருக்கும் இடத்தில் துண்டாயிற்று. ஒவ்வொரு தடவையும் சரிசெய்ய நடுவில் ஒரு பயணம், புதுக் கம்பி பொருத்த மறுபடி ஒரு பயணம். அதற்குள் நடந்து வந்த பல் பாதி வழி திரும்பிப் போயிருக்கும். தெத்துப்பல் இரண்டும் முன்னால் ஒரு மாதம், பின்னால் ஒரு மாதம் என்று ஆடிக்கொண்டிருந்தன.

டாக்டர் தன் பற்றவைப்பில்தான் கோளாறு என்று எடுத்துக்கொண்டார். மதியச் சாப்பாட்டை மறந்து ஊதுகுழலும் கையுமாக உட்கார்ந்து வெள்ளியை உருக்கினார். கம்பியை மாற்றினார், சிமெண்டை மாற்றினார். சரிவரவில்லை. பற்களுக்கு அவர் கொடுத்த மரியாதை குறைந்தது. "வா. என்ன, மறுபடி வீட்டுக்குப் போய்ட்டியா?" என்று ஒருமையில் பேசினார். ஜோலார்பேட்டைப் பையன் நன்றி சொல்ல வந்தபோது அவன் பல்லைக்கூட அவர் குசலம் விசாரிக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் மாப்பிள்ளையின் அம்மா ஆள் விட்டிருந்தாள். வருகிற பக்ரீத்துக்குள் கம்பி எடுக்க வேண்டும். இல்லையென்றால் வாணியம்பாடியில் வேறு பெண் பார்ப்பார்கள். கரீம் சாயபு இதை எங்களிடம் சொல்லும்போது அவர் குரலில் நிதானம் இருந்தது, கையில் இல்லை. தொப்பியைக் கழற்றிக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். "அவசரப்படுத்தல டாக்டர். தெரிஞ்சுக்கத்தான் சொன்னேன்" என்றார்.

அடுத்த முறை மோதிரம் கழன்று வந்தபோது, டாக்டர் அதனடியிலிருந்து இடுக்கியால் எதையோ இழுத்தார். நீளமான நார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கரும்பு நார். கம்பி கட்டிய அன்றே கரும்பு, எலும்பு, முறுக்கு எதுவும் கூடாது என்று சொல்லியிருந்தோம். அதற்கும் அடுத்த முறை கிடைத்தது நல்லி எலும்பின் சிம்பு. டாக்டர் அதை என் உள்ளங்கையில் போட்டுவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். பெண்களிடம் விசாரிப்பது என் இலாகா.

நல்லவேளையாகத் தெருவில் கரடிக்காரன் வந்தான். பூபி ஜன்னலோடு ஒட்டிக்கொண்டார். நான் துணியருகில் குனிந்தேன்.

"ஏம்மா, கல்யாணம் வேணாம்னா வாயத் தொறந்து சொல்லிடலாமே. கம்பிய ஏன் கடிக்கிற?"

"நானா கடிக்கல நர்ஸம்மா" என்றது ஓட்டை. "பூபி ஊட்டி விட்றாங்க."

எனக்கு உடனே புரியவில்லை. "வேணாம்னு சொல்றதுதானே?"

"சொன்னேன். ஒரு நாள் பூரா எங்கிட்ட பேசல." குரலை இன்னும் இறக்கினாள். "நாங்க இங்க வர்ற நாளுக்கு முந்தின ராத்திரியே பூபி புர்க்காவ மடிச்சுத் தலமாட்டுல வெச்சுக்குவாங்க. ரயிலு மேல்பட்டி தாண்டுச்சுன்னா பாட ஆரம்பிச்சுடுவாங்க. வீட்ல அவங்க பாடி நான் கேட்டதே இல்ல. கம்பி எடுத்துட்டா அப்புறம் எங்க ரயிலு? அதனால நல்லி எலும்ப எடுத்து வாய்ல வெச்சா, கடிச்சுட்றேன்."

"உனக்கு நிக்காஹ் வேணுமா, வேணாமா?"

"வேணும்" என்றாள். பிறகு, "ரொம்ப வேணும்" என்றாள். ஓட்டைக்கு மேலே துணி இரண்டு இடத்தில் நனைந்தது.

எனக்குப் பூபியின் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. தாயில்லாப் பெண்ணின் வாழ்க்கையை ஒரு ரயில் டிக்கெட்டுக்கு அடகு வைப்பதா? ஜன்னல் பக்கம் திரும்பினேன். கரடி ஆடுவதைப் பார்த்துப் பூபி தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். கோபம் அப்படியே இருந்தது. ஆனால் திட்ட வாய் வரவில்லை.

அவர்கள் போனதும் டாக்டரிடம் சொன்னேன். கரீம் சாயபுவுக்கு இன்றைக்கே ஆள் அனுப்ப வேண்டும், வேறு யாராவது கூட வரட்டும் என்றேன்.

"சொன்னா அந்தம்மாவ வீட்டோட உட்கார வெச்சுடுவாங்க" என்றார் டாக்டர்.

"சொல்லலைன்னா இந்தப் பொண்ணு வீட்டோட உட்கார்ந்துடும்" என்றேன்.

டாக்டர் ஊதுகுழலைத் துடைத்து அதன் இடத்தில் வைத்தார். பற்றவைப்பில் கோளாறு இல்லை என்று தெரிந்ததில் அவருக்குப் பாதி உயிர் திரும்பியிருந்தது. "ரூத், அந்தம்மா முறுக்க எப்படித் திங்கறாங்க?" என்று கேட்டார்.

யோசித்துப் பார்த்தேன். நான் கொடுக்கிற டீயில் ஊறவைத்து, கூழானபிறகு.

"எலும்ப அவங்களால கடிக்க முடியாது. அதனாலதான் அந்தப் பொண்ணுக்கு ஊட்டிப் பார்க்கறாங்க. பேச்சுல காத்து போறத வெச்சுச் சொல்றேன், மேல நாலஞ்சு இல்ல. கீழயும் கடைவாய் காலி." ஒரு வருஷமாக முதுகை மட்டுமே பார்த்த ஒருவருடைய வாயை அவர் எண்ணி வைத்திருந்தார்.

அடுத்த தடவை வேலை முடிந்ததும் டாக்டர் ஜன்னல் பக்கமாக இரண்டடி நடந்து, சுவரைப் பார்த்து நின்றார். தொண்டையைக் கனைத்தார்.

"அம்மா, உங்களுக்குப் பல் கட்டணும்."

பூபி முகத்திரையை இழுத்துவிட்டுக்கொண்டார். "எனக்கா? எனக்கு எதுக்கு டாக்டர் பல்லு? யாரு பார்க்கப் போறாங்க?"

"பார்க்கறதுக்கு இல்ல. எலும்பு கடிக்கறதுக்கு."

ஜுலேகாவின் துணிகூட அசையவில்லை. தெரிந்துவிட்டது என்பது பூபிக்குத் தெரிந்துவிட்டது. அவர் கைகள் மடியில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டதை நான் பார்த்தேன். டாக்டர் அதற்கு மேல் எலும்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கடைசியில் பூபி மெதுவாகக் கேட்டார். "எத்தன தடவ வரணும்?"

"அச்சு எடுக்க ஒரு தடவை. கடி பார்க்க ஒரு தடவை. மெழுகுல வெச்சுப் பார்க்கணும். அப்புறம் பொருத்தணும். பொருத்தின பிறகு உறுத்தும். அதைத் தேய்ச்சுத் தேய்ச்சுச் சரி பண்ணணும்."

"உறுத்துமா?"

"உறுத்தும்."

"ஜாஸ்தி நாள் உறுத்துமா?"

"சில பேருக்கு வருஷக்கணக்கா உறுத்தும்" என்றார் டாக்டர், சுவரிடம்.

பூபி ஜன்னல் பக்கம் திரும்பினார். டாக்டர் தொடர்ந்தார். "ஆனா ஒண்ணு. ஒரே வீட்டுல ரெண்டு பேருக்கு ஒரே சமயத்துல நான் வேலை எடுக்கறதில்ல. பொண்ணோட கம்பி முடியணும். அது முடிஞ்சாத்தான் உங்களோடது." அப்படி ஒரு வழக்கம் எங்கள் ஆஸ்பத்திரியில் இருந்ததே இல்லை. அன்று காலையில்தான் ஒரே குடும்பத்தில் மூன்று பேருக்கு அச்சு எடுத்திருந்தார். மேசை மேலிருந்த அந்த அச்சுகளை நான் துணி போட்டு மூடினேன்.

அதன்பிறகு நடந்ததுதான் வேடிக்கை. பூபி ஒரே நாளில் எங்கள் கட்சிக்கு வந்துவிட்டார். ஜுலேகாவுக்குக் கஞ்சி, குழைந்த சோறு, மசித்த கறி. பிரியாணி செய்த நாளில் எலும்பெல்லாம் பொறுக்கிப் போட்டபிறகு மிச்சமிருந்த சோறு. கம்பியில் ஒரு பருக்கை ஒட்டியிருந்தால் ஈர்க்குச்சியும் கையுமாக வந்து நிற்பார். அடுத்த முறை வந்தபோது ஓட்டை என்னிடம் ரகசியமாக முறையிட்டது. "நர்ஸம்மா, பேஜாரா இருக்கு. ஒரு வேர்க்கடலையாவது திங்கலாமான்னு கேட்டுச் சொல்லுங்க." நான் கேட்பதற்குள் ஜன்னலிலிருந்து பதில் வந்தது. "கூடாது. கடல கெட்டி."

கம்பி உடையவில்லை. எலும்பும் ஈறும் அந்தப் பெண்ணுக்கு நன்றாக இருந்தன. விட்டுவிட்டால் அவை தம் வேலையைப் பார்த்துக்கொள்ளும். தெத்துப்பல் இரண்டும் இறங்கி வர ஆரம்பித்தன. டாக்டர் மறுபடி "வாங்க, வாங்க" என்றார். பக்ரீத் நெருங்கியது. கரீம் சாயபு கேட்காமலே இருந்தார். கணக்குப்பிள்ளை மட்டும் போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "முடிஞ்சுடுமா?" என்று கேட்பார். இன்னும் கால் சுற்று, இன்னும் கால் சுற்று என்றுதான் டாக்டர் போய்க்கொண்டிருந்தார். எனக்கே பொறுக்கவில்லை. "இந்தத் தடவை அரைச் சுற்று திருப்பக் கூடாதா?" என்று கேட்டேன். என்னை அவர் பார்த்த பார்வையில் நான் மோதிரங்களைத் துடைக்கப் போய்விட்டேன்.

பண்டிகைக்கு முந்தின மாதம் மாப்பிள்ளையின் அம்மாவே நேரில் வந்துவிட்டாள். வாட்டசாட்டமான அம்மாள். புர்க்காவோடு அவள் உள்ளே வந்ததில் மருந்து மேசை ஒரு ஓரம் நகர்ந்தது. "இன்னா டாக்டர், எங்க ஷெட்டுல தோலு போய் சீமைக்குக் கப்பலே ஏறிடுது, ஒரு பல்லு ஏற மாட்டேங்குதா?" என்று கேட்டுவிட்டு, துணியின் ஓட்டைக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்தாள். அப்போதுதான் வேலை முடிந்து டாக்டர் பெரிய கம்பியையும் மோதிரங்களையும் கழற்றி எடுத்திருந்தார். அவள் விரல் வரிசை முழுக்கப் போய்த் திரும்பியது.

"இரும்பு இல்லையே" என்றாள், ஏமாந்த குரலில்.

"வெளியில ஒண்ணும் இல்லம்மா. உள்பக்கம் மெல்லிசா ஒண்ணு இருக்கும். பல் பழைய இடத்துக்கே போகப் பார்க்கும். ஒரு வருஷமாவது பிடிச்சு வெக்கணும். அது தங்கம்."

"தங்கமா?" அந்த அம்மாளின் குரல் மாறியது. துணியை விலக்கி, ஜுலேகாவின் முகவாயைப் பிடித்துக்கொண்டு தங்கத்தைத் தேட ஆரம்பித்தாள். டாக்டர் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். ஜுலேகா மேலே கண்ணை உருட்டி என்னைப் பார்த்துச் சிரித்தாள். நேரான பல். நான் பெற்ற பெண் மாதிரி எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

பக்ரீத் கழிந்ததும் நிக்காஹ் நடந்தது. மாப்பிள்ளை முகம் பார்த்ததும் சொன்ன முதல் வார்த்தை, "எங்க போச்சு அது?" என்பதுதானாம். இரண்டு வருஷத்துக்கு மேல் நாங்கள் உயிரைக் கொடுத்து இறக்கிய தெத்துப்பல்லைத்தான் கேட்டிருக்கிறான். ஜுலேகா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அடுத்த மாதம் அதே துணிக்கடியில் பூபி உட்கார்ந்தார். பிளாஸ்டர் வாயில் சூடேறும்போது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். துண்டு துண்டாக உடைத்து எடுத்தபோது, "என் வாய்க்குள்ள இவ்ளோ இருந்துச்சா?" என்றார். டாக்டர் அந்தப் பல் செட்டுக்குப் பட்ட பாட்டை வேறு எதற்கும் பட்டு நான் பார்த்ததில்லை. மெழுகில் நான்கு தடவை வைத்துப் பார்த்தார். பொருத்திய அன்றே கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. கண்ணாடியில் பார்த்த பூபி வெகுநேரம் முகத்திரையைக் கீழே இறக்கவில்லை.

மறு மாதம் வந்தார். "இந்தப் பக்கம் உறுத்துது டாக்டர்." டாக்டர் ஈறைப் பார்த்தார். ஒரு சிவப்புக்கூட இல்லை. கொஞ்சம் தேய்த்துக் கொடுத்தார். அடுத்த மாதம் வேறு பக்கம் உறுத்தியது. அதற்கும் அடுத்த மாதம் டாக்டர் செட்டையும் அரத்தையும் எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனார். எட்டிப் பார்த்தேன். செட்டை மேசையில் வைத்துவிட்டு, சிமெண்ட் குழைக்கிற கண்ணாடிப் பலகையின் ஓரத்தை அரத்தால் "கிர் கிர்" என்று தேய்த்துக்கொண்டிருந்தார். பூபி விஷயம் வருகிறவரை தேதியில்கூட ஒரு பொய் சொல்லாத மனுஷர். என்னைப் பார்த்தபிறகும் தேய்ப்பதை நிறுத்தவில்லை. திரும்பி வந்து செட்டைக் கொடுத்து, "இப்ப எப்படி?" என்றார்.

"இப்ப தேவல. ஆனா இந்த ஓரத்துல லேசா..."

"அடுத்த மாசம் பார்த்துடலாம்" என்றார் டாக்டர்.

அந்தக் கண்ணாடிப் பலகையின் ஒரு மூலை தேய்ந்தே போயிற்று. சின்ன டாக்டர் அது எப்படித் தேய்ந்தது என்று ஒரு தடவை கேட்டார். இதுதான் பதில்.

ஒரு கிறிஸ்மஸ் சமயம் ஜோலார்பேட்டையில் ரயில்வே வேலை பார்த்த என் தம்பி வீட்டுக்குப் போகக் காட்பாடியில் ரயில் ஏறினேன். பெண்கள் பெட்டியில் ஜன்னலோரம் பூபி உட்கார்ந்திருந்தார். அன்று மத்தியானம்தான் எங்களிடம் வந்து, இடது பக்கம் தாங்க முடியாத வலி என்று சொல்லித் தேய்த்துக்கொண்டு போயிருந்தார். என்னைக் கவனிக்கவில்லை. வண்டி கிளம்பியதும் மடியிலிருந்து ஒரு பொரிவிளங்காய் உருண்டையை எடுத்தார். சுத்தியல் வைத்து உடைக்கிற ஜாதி அது. அதை இடது பக்கம் வைத்து ஒரே கடி. "கடக்" என்ற சத்தத்தில் எதிர் பலகையில் தூங்கிய குழந்தை விழித்துக்கொண்டது.

அப்போதுதான் என்னைப் பார்த்தார். தாடை அப்படியே நின்றது. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"வலி எப்படி இருக்குது பூபி?" என்றேன்.

மென்று விழுங்கிவிட்டு, இன்னொரு உருண்டையை எடுத்து என் கையில் வைத்தார்.

"ரயில்ல இருக்கறப்போ ஒண்ணும் தெரியல ரூத்தம்மா" என்றார். "ஆம்பூர் வந்ததும் ஆரம்பிச்சுடும்."